வீட்டுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர், எங்களுக்கு ஒரு கயிறு

நான் பிளம்பர். இருபத்தெட்டு வருசமாகச் சென்னையில் குழாய் வேலை. எங்க நாயனாவும் அவருக்கு மூத்தவரான பெத்த நாயனாவும் தெருவுக்கு அடியில் இருக்கிற பெரிய குழாயில் வேலை செய்தவர்கள். நான் வீட்டுக்குள் இருக்கிற சின்னக் குழாயில் வேலை செய்கிறேன். ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பம் ஏறின தூரம் அவ்வளவுதான். தெருவிலிருந்து பாத்ரூம் வரைக்கும்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அதனால்தான் நாயனா. சென்னைச் சாக்கடையில் இறங்கினவர்களில் எங்களை மாதிரி வீட்டில் தெலுங்கு பேசுகிற சேரிக்காரர்கள் நிறைய. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கோட்டையைப் பற்றி எழுதுவார்கள், கோயிலைப் பற்றி எழுதுவார்கள், துறைமுகத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு வளைந்த குழாயைப் பற்றி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வரலாறு அதுக்குள்ளேதான் இருக்கிறது.

போன கோடையில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனைப் பார்க்கப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் வீடு பூரா நாத்தம். பினாயில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள், சாம்பிராணி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. நான் பாத்ரூமுக்குள் போய் தரையில் இருக்கிற ஜாலியைத் தூக்கிப் பார்த்தேன். நானி டிராப் காய்ந்து கிடந்தது. இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். பேசின் குழாயைத் திறந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நாத்தம் போய்விட்டது.

அந்தம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அவ்ளோதானா? வெறும் தண்ணியா?"

"அவ்ளோதாம்மா. அந்தத் தண்ணிதான் கதவு. காஞ்சிடுச்சுன்னா கதவு தொறந்துக்கும்."

"அப்போ இத்தன நாளா அந்தச் சாக்கடக் காத்து இந்தத் தண்ணிக்கு அந்தப் பக்கமாவே நின்னுட்டு இருந்துச்சா?"

ஆமாம்மா என்றேன். அந்தப் பக்கம் யாரெல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள் என்று சொல்லவில்லை. கூலி வாங்கும் நேரத்தில் அதையெல்லாம் சொல்ல முடியாது. இங்கே சொல்லுகிறேன்.

*

டிராப் என்றால் பொறி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு வளைவு. பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழாய் நேராகக் கீழே போகாது. கீழே இறங்கி, யானைத் துதிக்கை மாதிரி வளைந்து, மேலே ஏறி, அப்புறம்தான் சுவருக்குள் போகும். நீங்கள் கை கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதன் வழியாக ஓடிவிடும். ஆனால் கடைசியாக வந்த கொஞ்சம் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும். அதைத்தான் வாட்டர் சீல் என்கிறோம். அதன் ஆழம் சாதாரணமாக இரண்டு அங்குலம். தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே போகலாம். சாக்கடைக் காற்று அதைத் தாண்டி மேலே வர முடியாது. நகரும் பாகம் எதுவும் இல்லை, பூட்டு இல்லை, சாவி இல்லை. ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீரே வந்து காவலுக்கு நிற்கும்.

வளைந்து சுவருக்குள் போனால் பி டிராப். திரும்பவும் வளைந்து தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப். தரையில் இருப்பது நானி டிராப். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவின தண்ணீரும் வெளியே வந்து விழுகிற இடத்தில் கல்லி டிராப். கக்கூஸ் பீங்கானுக்குள்ளேயே ஒரு வளைவு உண்டு. பீங்கானில் எப்போதும் தேங்கி நிற்கிற தண்ணீர் அந்தச் சீல்தான்.

இது கெட்டுப்போகிற விதங்களும் எனக்கு அத்துப்படி. வீடு பூட்டிக் கிடந்தால் காய்ந்துபோகும். ஒரு வாளித் தண்ணீரைக் குபீரென்று கொட்டினால், அந்த வேகம் தேங்கின தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். டியூப் போட்டு மண்ணெண்ணெய் உறிஞ்சி விடுவோமே, அதே கதை. அதைத் தடுக்கத்தான் மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற வென்ட் பைப். வெளிக்காற்று உள்ளே வந்தால் உறிஞ்சல் அறுந்துபோகும். மாடி வீடுகளில் மேலே இருந்து தண்ணீர் விழும்போது அடியில் இருக்கிற வீட்டு டிராப்பில் குமிழி விடும். தலைமுடி ஒரு கொத்து வளைவின் மேட்டில் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி அது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அந்தப் பக்கம் கடத்திவிடும். இதெல்லாம் வீட்டுக்கு நேரும் கேடு. எல்லாவற்றுக்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

*

எப்போது கண்டுபிடித்தார்கள்? 1596இல் இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்ற அரசவைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ் ஒன்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார். முதலாம் எலிசபெத் ராணிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். அதில் வளைவு கிடையாது. அதற்கப்புறம் ஏறக்குறைய நூற்றெண்பது வருசம் கழித்து, 1775இல், லண்டனில் கடை வைத்திருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர், பீங்கானுக்கு அடியில் எஸ் மாதிரி குழாயை வளைத்துக் காப்புரிமை வாங்கினார். மூன்று வருசம் கழித்து ஜோசப் பிராமா என்பவர் அந்தக் கக்கூஸின் வால்வைத் திருத்தி இன்னொரு காப்புரிமை வாங்கினார். நான் மாட்டுகிற பிளாஸ்டிக் டிராப்பும் கம்மிங் வளைத்த அதே வளைவுதான். 2025ஆம் ஆண்டோடு அதற்கு 250 வயசு.

இதைப் பரப்பியது பயம். நாத்தம்தான் நோய் என்று அந்தக் காலத்து ஐரோப்பா நம்பியது. கெட்ட காற்று மூக்கில் ஏறினால் காலரா வரும், டைபாய்டு வரும் என்று படித்தவர்களே சொன்னார்கள். லண்டன் சுகாதாரத்துக்குப் பெரிய தலைவராக இருந்த எட்வின் சாட்விக், எல்லா நாத்தமும் நோயே என்று 1846இல் பார்லிமெண்டுக் குழு முன்னால் சாட்சி சொன்னார். 1854இல் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், காலரா வருவது காற்றில் இல்லை, குடிக்கிற தண்ணீரில்தான் என்று ஒரு தெருக் குழாயைக் காட்டிச் சொன்னபோது பெரிய மனுசர்கள் பலர் கேட்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறியது. பார்லிமெண்டு ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உட்கார முடியவில்லை. உடனே பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பேசல்ஜெட் என்ற எஞ்சினியர் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். ஆள்பவன் மூக்கில் ஏறினால்தான் அது பிரச்சினை.

1871இல் இங்கிலாந்து இளவரசருக்கு டைபாய்டு. ஸ்கார்பரோ ஊரில் அவர் விருந்தாளியாகத் தங்கிய மாளிகையின் சாக்கடைக் காற்றுதான் காரணம் என்று நாடே பேசியது. அங்கே அவரோடு இருந்த ஒரு பிரபு செத்துப்போனார். இளவரசரின் குதிரைக்காரன் பிளெக் என்பவனும் செத்துப்போனான். இளவரசர் பிழைத்ததற்கு லண்டனில் பெரிய நன்றி வழிபாடு நடந்தது. அதற்கப்புறம் பணக்கார வீடுகளில் எல்லாம் டிராப் சரியாக இருக்கிறதா, வென்ட் பைப் இருக்கிறதா என்று ஒரே சோதனை. வீட்டுக்குள்ளே இருக்கிற டிராப் போதாது என்று, வீட்டுக் குழாய் தெருச் சாக்கடையோடு சேருகிற கடைசிச் சேம்பரிலும் இன்னொரு டிராப் வைத்தார்கள்.

டைபாய்டு சாக்கடைக் காற்றால் வருவதில்லை. மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. ஆக, தப்பான நோய்க்குப் பயந்து சரியான சாமான் செய்தார்கள். வீட்டில் இருந்தவனை அந்தக் காற்று கொன்றது அபூர்வம். அது கொன்றது வேறு ஆளை.

*

அந்த வேறு ஆளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கம்மிங்குக்கு முன்னாலேயே தெரியும். இத்தாலியில் மொதேனா ஊர் டாக்டர் ரமத்சினி தொழிலாளிகளுக்கு வருகிற நோய்களைப் பற்றி 1700இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தத் துறைக்கே அதுதான் முதல் நூல் என்பார்கள். அதை எழுதத் தூண்டியது யார் தெரியுமா? அவர் வீட்டு மலக்குழியை அள்ள வந்த ஒரு ஆள். ஏன் இவ்வளவு அவசரமாக அள்ளுகிறாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இதுக்குள்ளே நின்றால் கண் எரியும், நேரமானால் கண்ணே போய்விடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். உலகத்துத் தொழில் மருத்துவமே ஒரு மலம் அள்ளுகிறவன் சொன்ன பதிலில் இருந்து தொடங்கியது. டாக்டர் பேர் நிலைத்தது. அவன் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1777இல் ஷீலே என்ற ரசாயனக்காரர் அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற அந்த வாயுவைத் தனியாக எடுத்துக் காட்டினார். ஹைட்ரஜன் சல்ஃபைடு. 1849இல் லண்டன் பிம்லிக்கோவில் சாக்கடைக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒருவர் டாக்டர்.

அந்த வாயு எப்படிப்பட்டது என்று கேளுங்கள். காற்றைவிடக் கனம், அதனால் பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு ஆனால், சில நிமிசத்தில் மோப்பம் செத்துப்போகும். நாத்தம் போயிடுச்சே, காற்று நல்லாத்தான் இருக்கு என்று இறங்கினவன் நினைப்பான். எழுநூறு, ஆயிரம் பங்கு ஆனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவான். வீட்டுக்கு நாத்தம்தான் எச்சரிக்கை. குழிக்குள் இருப்பவனுக்கு அந்த எச்சரிக்கையும் அறுந்துபோகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிச் சேம்பரில் வைத்த அந்த டிராப் வேண்டுமா வேண்டாமா என்று எஞ்சினியர்களுக்குள்ளேயே ரொம்ப நாள் தகராறு. அது இல்லாவிட்டால், தெருச் சாக்கடைக் காற்று ஒவ்வொரு வீட்டு வென்ட் பைப் வழியாகவும் மாடிக்கு மேலே போய் ஆகாசத்தில் கலந்துவிடும். அதை வைத்துவிட்டால் சாக்கடைக்கு மூச்சு விட வழி குறைந்துபோகும். வீட்டை எவ்வளவுக்கு அடைக்கிறோமோ, அவ்வளவுக்குக் காற்று கீழே தேங்கும். தீண்டாமைக்கு இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. சுத்தம் என்பது இங்கே அழுக்கை ஒழிப்பது இல்லை. அழுக்கை இன்னொருத்தன் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்துவது.

லண்டனிலும் சாக்கடையில் இறங்கினவன் ஏழைதான். ஆனால் அவன் மகனும் இறங்கியே ஆகணும் என்று அங்கே பிறப்பு எழுதி வைக்கவில்லை. இங்கே குழாய் வந்தது, கூடவே சாதியும் அதுக்குள் இறங்கியது.

*

மெட்ராஸுக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் போட்டது. 1961இல் இந்த ஊரில் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் குழாய் அளவெடுத்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் மெட்ராஸ் பதினேழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் என்ன செய்யும்? மண்ணும் மலமும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? கணக்குத் தப்பாகப் போட்டதற்கான விலையை மூங்கில் பிளாச்சும் கயிறும் வைத்துக்கொண்டு எங்க ஆளுங்கதான் கொடுத்தார்கள்.

நாயனா சொல்லுவார். மேனோல் மூடியைத் தூக்கினதும் எட்டிப் பார்க்கணும். கரப்பான்பூச்சி ஓடினா எறங்கலாம். செத்துக் கெடந்தா எறங்கக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு மூடி, அந்தப் பக்கம் ஒரு மூடி தொறந்து வச்சுக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். "ஆனா காத்திருக்க யார்றா உடறான்? மேஸ்திரி வாட்ச்சப் பாப்பான்."

1988இல் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அடைப்பு எடுக்கிற வேலை. காலையிலேயே கூட்டிக்கொண்டு போனார்கள். மூடியைத் திறந்த கையோடு பெத்த நாயனா இறங்கினார். இடுப்பில் கயிறு. மார்பளவு இறங்கினதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாராம். அப்படியே சரிந்துவிட்டார். கயிற்றை இழுத்தார்கள், ஏணிப்படியில் சிக்கிக்கொண்டது. அண்ணனாச்சே, நாயனா நிற்கவில்லை, இறங்கிவிட்டார். இரண்டாவது கயிறு நாயனாவைத் தூக்கியது. பெத்த நாயனாவைத் தூக்கும்போது உயிர் இல்லை.

நாயனா மூன்றாம் நாள் கண் முழித்தார். அன்றிலிருந்து அவருக்கு மூக்கு செத்துப்போச்சு. மல்லிப்பூ வாசனை தெரியாது, கருவாடு வாசனை தெரியாது, சோறு தீய்ந்தாலும் தெரியாது. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அவர் மட்டும் தன் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அலுவலகத்தில் போய்க் கேட்டோம். தினக்கூலி, மஸ்டர் ரோலில் பேரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடக்கச் செலவுக்கு மேஸ்திரி கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தார். அவ்வளவுதான்.

1993இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. உலர் கக்கூஸில் அள்ளுவதைத்தான் அது பேசியது. சாக்கடையில் இறங்குகிறவனைப் பற்றிப் பேசவில்லை. 2013இல் வந்த சட்டம்தான், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவது குற்றம் என்றது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போட்ட வழக்கில், 1993லிருந்து அப்படிச் செத்தவர்கள் குடும்பத்துக்கெல்லாம் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் தெருவில் உட்கார்ந்து போராடின எங்கள் ஜனங்கள் இருக்கிறார்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் பத்து லட்சம் என்று கேள்விப்பட்டதும் பெத்தம்மா பழைய மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வருசத்தைப் பார்த்தார். "1993க்கு அப்புறம் செத்தவங்களுக்குத்தாம்மா."

பெத்தம்மா கேட்டாள்: "முன்னாடி செத்தவரு மனுசன் இல்லீங்களா?"

அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இரண்டு வருசம் கழித்துப் பெத்தம்மா போய்ச் சேர்ந்தாள்.

*

கேரளத்தில் 2018இல் மேனோலுக்குள் இறங்கி அள்ளுகிற எந்திரம் செய்துவிட்டார்கள். காற்றைச் சோதிக்கிற கருவி உள்ளங்கை அளவுதான். அடைப்பை உறிஞ்சுகிற லாரி இருக்கிறது. அறிவு இல்லாமல் ஆட்கள் சாகவில்லை. அந்தச் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டில் செத்தார்கள். சாக்கடைச் சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. சமூக நீதி பேசுகிற மண் இது.

இரண்டு அங்குலத் தண்ணீரை வைத்து வீட்டைக் காப்பாற்ற 1775லேயே ஒருத்தனுக்கு யோசனை வந்தது. அந்த வீட்டுக்காரனின் மூக்குக்காக 250 வருசம் எத்தனை மூளை வேலை செய்திருக்கிறது! வளைவு, வென்ட், ஜாலி, சேம்பர் டிராப். குழிக்குள் இறங்குகிறவனுக்கு அதே 250 வருசத்தில் எங்கள் தெருவில் வந்து சேர்ந்தது ஒரு கயிறு. அதுவும் அவனைக் காப்பாற்ற இல்லை. பிணத்தைத் தூக்க.

டிராப்பை நான் குறை சொல்லவில்லை. நானும் என் வீட்டில் வைத்திருக்கிறேன், என் பிள்ளைகள் நாத்தம் இல்லாமல் தூங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். ஊருக்குப் போனால் வரும்போது இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள், பிளம்பருக்குக் காசு மிச்சம். ஆனால் ஊற்றும்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, வழியில் அடைத்தால் உங்கள் தெருவில் யார் இறங்குவார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆளை இறக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். லாரி வரட்டும் என்று சொல்லுங்கள். அதுவரை உங்கள் கக்கூஸ் இரண்டு நாள் நாறினால் நாறட்டும். நாத்தத்தால் யாரும் சாக மாட்டார்கள். அதை லண்டன்காரனே கடைசியில் ஒத்துக்கொண்டான்.

நாயனாவுக்கு எழுபத்தெட்டு வயசு ஆகிறது. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "எறங்கலியே?"

"இல்ல நாயனா. பாத்ரூம் வேலதான்."

அதற்கப்புறம்தான் அவர் சாப்பிட உட்காருவார்.